மத்தியானத் தூக்கம்

மரக்காணம்
16 ஜூன் 2024

மரியே வாழ்க.

அன்பு மகள் ஜெனிஷாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நான் நலம், முழங்கால் மட்டும் நலமில்லை. ஏற்காட்டுக் குளிர் உனக்கு ஒத்துக்கொண்டதா? கன்னியர் மடத்தில் முதல் வருஷம் முழுக்கப் போன் கிடையாது, பாட்டு கிடையாது, கடிதம் மட்டும்தான் என்று உன் பொறுப்பு சிஸ்டர் சொன்னபோது வந்திருந்த பெற்றோரெல்லாம் முகத்தைத் தொங்கப் போட்டார்கள். எனக்கு ஒரு குறையுமில்லை. போனைவிடக் கடிதம்தான் எனக்குத் தோது. நம்ம ஊர் டவர் லட்சணம் உனக்குத் தெரியும். யார் பேசினாலும் கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி இருக்கிறது.

உப்பளத்தில் நல்ல சீசன். விடியற்காலை போய் இன்ஜினைப் போட்டு உப்புத்தண்ணி இறைத்துவிட்டு வந்தால், மத்தியானம் சாப்பாடு, அப்புறம் தூக்கம். உன் அம்மா போன இந்த மூன்று வருஷத்தில் மாறாதது அந்தத் தூக்கம் ஒன்றுதான்.

போன மாதம் ஒரு ஞாயிறு உன் அண்ணன் விக்டர் சென்னையிலிருந்து வந்தான். மூன்று பையன்களோடு சேர்ந்து 'வெள்ளைப்பாத்தி' என்று கிடார் பேண்ட் வைத்திருக்கிறானே, அதற்கு முதல் ஆல்பம் முடிந்துவிட்டதாம். எட்டுப் பாட்டு. பெயர் 'மத்தியானத் தூக்கம்'. என்னைக் கிண்டல் பண்ணுகிறானா என்று பார்த்தேன், முகம் அப்படி இல்லை. "இன்னும் யாருக்கும் குடுக்கல. மொதல்ல நீங்க கேளுங்கப்பா" என்று லேப்டாப்பைத் திறந்து வைத்துவிட்டு என் எதிரிலேயே உட்கார்ந்துகொண்டான். பாட்டைக் கேட்பதா, என்னையே பார்க்கிற அவனைப் பார்ப்பதா என்று எனக்குத் தெரியவில்லை. முடிந்ததும் "எப்படிப்பா இருக்குது?" என்றான். "நல்லாருக்குதுப்பா" என்றேன்.

அவ்வளவுதான். பென் டிரைவில் போட்டு டிவி மேல் வைத்துவிட்டு, வறுத்து வைத்த சங்கரா மீனைக்கூடத் தொடாமல் பஸ் ஏறிவிட்டான். அதற்கப்புறம் வரவும் இல்லை. நல்லாருக்குது என்று சொன்னது ஒரு குற்றமா? எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நீ அவனோடு வளர்ந்தவள், கோயிலில் பாடினவள். நீயாவது சொல்.

மாதா உன்னைக் காப்பாராக.
அப்பா, அருள்பிரகாசம்


ஏற்காடு
7 ஜூலை 2024

இயேசுவுக்கே புகழ்.

அன்புள்ள அப்பா, குளிர் பழகிவிட்டது. முழங்காலுக்கு எண்ணெய் தேய்க்கிறீர்களா, இல்லை தேய்த்ததாக எழுதுகிறீர்களா? இங்கே வரும் கடிதத்தையும் போகும் கடிதத்தையும் பொறுப்பு சிஸ்டர் படித்துவிட்டுத்தான் தருவார். மாதம் ஒரு கடிதம்தான் நான் எழுதலாம். சங்கரா வறுவலைப் படித்துவிட்டு அவர் பெருமூச்சு விட்டார். அவருக்குச் சொந்த ஊர் தூத்துக்குடி.

அப்பா, நீங்கள் ரசத்துக்கும் நல்லாருக்குது என்பீர்கள், பாஸ்போர்ட் போட்டோவுக்கும் நல்லாருக்குது என்பீர்கள். அண்ணன் அந்த ஆல்பத்துக்காக வேலையை விட்டுவிட்டு எத்தனை நாள் திண்டாடினான்! அவனுக்கு இன்னும் இரண்டு வார்த்தை வேண்டியிருந்திருக்கும்.

ஒரு காரியம் செய்யுங்கள். வருஷம் முடிகிற வரை நான் அதைக் கேட்க முடியாது. எனக்காக நீங்கள் கேட்டு ஒவ்வொரு பாட்டும் எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள். அந்தக் கடிதத்தையே அவனுக்கும் காட்டலாம், சந்தோஷப்படுவான்.

ஜெபத்தில் உங்களை நினைக்கும் மகள்,
ஜெனிஷா


மரக்காணம்
28 ஜூலை 2024

மரியே வாழ்க.

அன்பு மகளுக்கு, நலம். நலமறிய ஆவல். எண்ணெய் தேய்த்தேன், உண்மையாகவே.

நீ சொன்னபடி டிவியில் பென் டிரைவைச் செருகிக் கேட்டேன். முதல் பாட்டில் வெகு நேரம் ஒன்றுமே நடக்கவில்லை. தூரத்தில் லாரி நிற்கிற மாதிரி ஒரு உறுமல். கச்சேரிக்கு முன்னால் சுருதி கூட்டுவார்களே, அது என்று நினைத்துக் காத்திருந்தேன். கூட்டி முடித்ததும் பாட்டும் முடிந்துவிட்டது. இரண்டாவதில் யாரோ பாடுகிறான், அடுத்த வீட்டில், கதவைச் சாத்திக்கொண்டு, வாயில் சோற்றை வைத்துக்கொண்டு. நம்ம விக்டரா என்றுகூடத் தெரியவில்லை.

மூன்றாவது கொஞ்சம் பரவாயில்லை. ஒத்தை ஒத்தையாகக் கம்பியைத் தட்டுகிறான். பின்னால் நம்ம இன்ஜின் போல ஒன்று தடதடக்கிறது. மெல்ல மெல்ல எல்லாம் சேர்ந்து ஏறி வருகிறது. சரி, இப்போது என்னமோ வரப்போகிறது என்று நிமிர்ந்து உட்கார்ந்தால், அங்கே சுத்தமாக நின்றுபோகிறது. ஒரு சத்தமும் இல்லை. பென் டிரைவைப் பிடுங்கித் துடைத்துச் செருகினேன். அதே இடத்தில் அதே மாதிரி. கொஞ்ச நேரம் கழித்துத் தானாகவே மறுபடி தொடங்குகிறது. ரெக்கார்டிங் செய்தவன் அந்த இடத்தில் தூங்கிவிட்டான் போல. ஆல்பத்தின் பெயரே அதுதானே.

மிச்சம் ஐந்தும் ஒன்றாகக் கலந்துவிட்டன. பக்கத்து வீட்டு ராசம்மாள் வேறு வீட்டுக்குள்ளேயே வந்து என் முகத்துக்கு நேரே கையை ஆட்டி, "அண்ணே, டிவியக் கொறைங்க, புள்ளைங்க படிக்கணுமில்ல" என்று சண்டை பிடித்தாள். அவளுக்கு எப்போதும் என்னோடு ஏதாவது வம்பு.

இதை நான் எப்படி விக்டருக்குக் காட்டுவது? நீயே சொல், இதில் என்ன இருக்கிறது?

அப்பா


சென்னை
18 ஆகஸ்ட் 2024

ஜெனிக்கு (சிஸ்டர் என்று எழுத இன்னும் கை வரவில்லை),

காலேஜ் பரீட்சைக்குப் பிறகு பேனா பிடித்து ஒரு பக்கம் எழுதுவது இதுதான் முதல் தடவை. நலமா? வயிறு நிறையப் போடுகிறார்களா? அண்ணன் விசாரிக்க வேண்டியது முடிந்தது. விஷயத்துக்கு வருகிறேன்.

மூன்றாவது பாட்டில் அம்மா இருக்கிறார். காலேஜ் நாளில் வீட்டில் நான் வாசித்துப் பழகுவதைப் போனில் பிடித்து வைப்பேன். அதில் ஒரு நாள் அம்மாவின் குரல் விழுந்திருக்கிறது. ஒரே ஒரு வரி. அவர் போன பிறகுதான் கண்டுபிடித்தேன். மொத்த ஆல்பமும் அந்த வரியிலிருந்து கிளம்பினதுதான். மூன்றாவது பாட்டின் நடுவில் எல்லா வாத்தியமும் நின்று அந்தக் குரல் மட்டும் தனியாக வரும். என்ன சொல்கிறார் என்று எழுத மாட்டேன். நீயே வந்து கேட்டுக்கொள்.

அந்த இடம் வரும்போது நான் அப்பா முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் எழுந்து போய் ஃபேனைக் கூட்டி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். ஃபேனை, ஜெனி! செத்துப்போன பெண்டாட்டி குரலைக் கேட்டுவிட்டு எந்த மனுஷனாவது ஃபேனைக் கூட்டுவானா? அப்புறம் "நல்லாருக்குதுப்பா" என்று ஒரு வார்த்தை. கோபமா, அம்மாவைப் பாட்டில் போட்டு ஊருக்கு விற்கிறேன் என்று நினைக்கிறாரா, இல்லை அவருக்கு மறந்தே போய்விட்டதா? எவ்வளவு யோசித்தும் எனக்குப் பிடிபடவில்லை.

ஜனவரி கடைசியில் ஆல்பம் வெளியே போகிறது. அதற்குப் பிறகு எதையும் மாற்ற முடியாது. அவருக்குப் பிடிக்காததை நான் வெளியே விட மாட்டேன். அம்மா குரலை எடுத்துவிடப் போகிறேன். பாட்டு செத்துப்போகும், போகட்டும். நீ அவரிடம் எதையும் சொல்லாதே. அவராகச் சொன்னால் சொல்லட்டும். இல்லாவிட்டால் வேண்டாம்.

விக்டர்


ஏற்காடு
8 செப்டம்பர் 2024

இயேசுவுக்கே புகழ்.

அன்புள்ள அப்பா, இன்று மாதா பிறந்த நாள். நம்ம கோயில் தேர் இந்நேரம் கிளம்பியிருக்கும். புது உடுப்பில் என்னைப் பார்த்தால் உங்களுக்குச் சிரிப்பு வரும்.

அண்ணன் எழுதியிருந்தான். அவன் எழுதினதும் நீங்கள் எழுதினதும் ஒரே பாட்டைப் பற்றியா என்று எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஜெபத்தில் உட்கார்ந்தால்கூட அந்தப் பாட்டுதான் நினைவு, அதுவும் நான் கேட்காத பாட்டு.

மூன்றாவதை இன்னொரு தடவை கேளுங்கள் அப்பா. டிவி வேண்டாம், நல்ல ஸ்பீக்கரில் கேளுங்கள். நடுவில் நின்றுபோகிறது என்றீர்களே, அந்த இடத்தில் ஒன்றுமே இல்லையா? நன்றாகக் கேட்டுவிட்டு எழுதுங்கள். ஏன் என்று மட்டும் கேட்காதீர்கள்.

ஜெனிஷா


மரக்காணம்
29 செப்டம்பர் 2024

மரியே வாழ்க.

அன்பு மகளுக்கு, உன் பேச்சைக் கேட்டு ஊரில் என் மானம் போய்விட்டது. மற்றபடி நலம்.

நல்ல ஸ்பீக்கர் என்றாயே, நம்ம ஊரில் கோயில் மைக் செட்டைவிட நல்ல ஸ்பீக்கர் எங்கே இருக்கிறது? திருவிழாவுக்குக் கோபுரத்தில் கட்டினதை இன்னும் அவிழ்க்கவில்லை. மணி அடிக்கிற கோயில்பிள்ளை சவரிமுத்து டீ குடிக்கப் போயிருந்த நேரத்தில் பென் டிரைவைச் செருகி மூன்றாவதைப் போட்டேன். சத்தம் வரவில்லை. திருகினேன். ம்ஹூம். இன்னும் திருகினேன். கம்பியைத் தட்டுவது அப்போதுதான் லேசாக விழுந்தது.

நம்ம ஊரில் ஒத்தை மணியை விட்டு விட்டு அடித்தால் யாரோ போய்விட்டார்கள் என்று அர்த்தம். விக்டர் தட்டுகிற கம்பி கோபுரத்திலிருந்து சரியாக அந்தச் சாவு மணி மாதிரியே கேட்டிருக்கிறது! நான் திரும்பிப் பார்த்தால் கோயில் வாசலில் பாதி ஊர் நிற்கிறது. உப்பு வாரப் போனவர்கள் கூடையோடு ஓடி வந்திருக்கிறார்கள். சவரிமுத்துவுக்கு மூச்சு வாங்குகிறது. "யாருய்யா? யாரு போயிட்டாங்க?" என்று என் தோளைப் பிடித்து உலுக்கினார். யாரும் போகவில்லை, என் மகன் பாட்டு என்றேன்.

அந்த நேரம் பார்த்து அந்த நின்றுபோகிற இடம் வந்தது. வழக்கம்போல் ஒன்றுமில்லை. ஆனால் ராசம்மாள் சிலுவை போட்டுக்கொண்டு அப்படியே மண்ணில் உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டாள். சாவு என்று நினைத்துப் பயந்துவிட்டாள் பாவம். சவரிமுத்து என் கையைப் பிடித்து என்னமோ சொன்னார். கூட்டத்தில் சரியாக விழவில்லை, ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினேன். என்னை ஏசுவார்கள் என்று பார்த்தால் ஒருத்தரும் ஏசவில்லை. அதிலிருந்து அவர் என்னைப் பார்க்கும்போதெல்லாம் தோளைத் தட்டிவிட்டுப் போகிறார். ராசம்மாள் தினமும் குழம்பு கொண்டு வருகிறாள். ஊருக்கு என்ன ஆயிற்று என்றே தெரியவில்லை.

நடுவில் ஒன்றும் இல்லை ஜெனி. நன்றாகக் கேட்டேன்.

அப்பா


ஏற்காடு
13 அக்டோபர் 2024

அன்புள்ள அப்பா,

உங்கள் கடிதத்தைப் பொறுப்பு சிஸ்டர் படித்துச் சிரித்துக்கொண்டே கொடுத்தார். நானும் சிரித்துக்கொண்டேதான் ஆரம்பித்தேன். பாதியில் சிரிப்பு நின்றுவிட்டது. பழைய கடிதங்களை எல்லாம் எடுத்து மறுபடி படித்தேன்.

கோபப்படாதீர்கள். போனில் எல்லாரும் கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிறார்கள் என்றீர்கள். ராசம்மாள் அத்தை கதவைத் தட்டாமல் உள்ளே வந்து கையை ஆட்டினார். ஊரையே ஓடி வரவைத்த சத்தம் உங்களுக்கு லேசாகத்தான் விழுந்திருக்கிறது. அந்த இன்ஜின் பக்கத்தில் இத்தனை வருஷம் நின்றிருக்கிறீர்கள். அப்பா, உங்களுக்குக் காது கேட்கிறதா?

சொல்லாதே என்று அண்ணன் எழுதினதை மீறிச் சொல்கிறேன். அந்த நின்றுபோகிற இடம் காலி இல்லை. அங்கே அம்மா பேசுகிறார். அதைத்தான் ஊர் கேட்டது. நீங்கள் கேட்டுவிட்டு ஒன்றும் சொல்லாமல் இருக்கிறீர்கள் என்று நினைத்து அண்ணன் அதை அழிக்கப் போகிறான். ஜனவரி வரைதான் நேரம்.

உடனே பதில் போடுங்கள்.

உங்கள் ஜெனி


ஏற்காடு
10 நவம்பர் 2024

அண்ணா,

அப்பாவிடமிருந்து பதில் இல்லை. அதனால் இந்த மாதக் கடிதம் உனக்கு. அவர் அம்மாவைக் கேட்டுவிட்டுப் பேசாமல் இருக்கவில்லை. அவருக்குக் கேட்கவே இல்லை. உன் பாட்டு மட்டுமில்லை, எதுவுமே சரியாகக் கேட்கவில்லை. உன் ஆல்பம் வேறு பூனை நடக்கிற மாதிரி இருக்கிறதாமே, அதனால் குறை பாட்டிலா காதிலா என்று யாருக்கும் தெரியாமல் போயிருக்கிறது. எனக்கே நாலு மாதம் ஆயிற்று.

எதையும் அழிக்காதே. வீட்டுக்குப் போ. இங்கிருந்து என்னால் வர முடியாது. இந்த உடுப்பு போட்ட பிறகு முதல் தடவையாக அது எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

ஜெனி


மரக்காணம்
15 டிசம்பர் 2024

ஜெனி,

உன் கடிதம் வந்ததும் எனக்கு முதலில் கோபம், அப்புறம் வெட்கம். கிளம்புகிற நேரத்தில் புயல் வந்துவிட்டது. உப்பளமெல்லாம் கடலாகக் கிடக்கிறது, ரோடு திறந்ததும் வந்தேன். நீ பயப்படாதே, வீட்டில் நாலு ஓடு போனது, அவ்வளவுதான்.

மூன்றாவது பாட்டு தெருமுனையிலேயே எனக்குக் கேட்டது. கதவைத் தட்டினேன், தட்டினேன், திறக்கவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். டிவி ஸ்பீக்கரில் காதை ஒட்டி வைத்துக்கொண்டு, கண்ணை மூடி, அப்பா தரையில் உட்கார்ந்திருக்கிறார். பாட்டு முடிந்ததும் தடவித் தடவி ரிமோட்டை எடுத்து மறுபடி போடுகிறார். ராசம்மாள் அத்தை வந்து, "ரெண்டு மாசமா தினம் இதாம்பா. நாங்க யாரும் ஒண்ணும் சொல்லிக்கிறதில்ல" என்றார்.

பின்வாசல் வழியாக உள்ளே போய் அவர் முன்னால் நின்றேன். பார்த்ததும் டிவியை அணைத்துவிட்டு, "நல்லாருக்குதுப்பா" என்றார். நான் அழுதுவிட்டேன்.

நாளைக்குப் பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறேன். வர மாட்டேன் என்கிறார். தூக்கிக்கொண்டாவது போவேன்.

விக்டர்


மரக்காணம்
19 ஜனவரி 2025

மரியே வாழ்க.

அன்பு மகள் ஜெனிஷாவுக்கு, அப்பா நலம். முழங்காலும் நலம். காதுக்கு மிஷின் வந்துவிட்டது. பொறுப்பு சிஸ்டருக்கும் என் ஸ்தோத்திரம் சொல். இதை அவரும் படிக்கட்டும், எனக்கு வெட்கம் விட்டுப்போயிற்று.

உனக்குப் பதில் போடாததற்குக் கோபம் காரணமில்லை, பயம்தான். இன்ஜின்காரனுக்குக் காது போய்விட்டது என்று தெரிந்தால் இன்ஜினை வேறு ஆளிடம் கொடுத்துவிடுவார்கள். அதனால் டவர் சரியில்லை, கூட்டம், காற்று என்று ஒவ்வொரு சாக்காகச் சொல்லி, கடைசியில் எனக்கே எது நிஜம் என்று குழம்பிப்போயிற்று. உன் அம்மா அதற்குள் இருக்கிறாள் என்று நீ எழுதினாயே, அதன் பிறகு நான் பட்ட பாட்டை எழுத முடியாது. ஊரே கேட்டுவிட்டது, ராசம்மாள் கேட்டுவிட்டாள், எனக்கு மட்டும் கேட்கவில்லை. தினமும் காதை வைத்துப் பார்த்தேன். அந்த இடம் வரும், நின்றுபோகும், ஒன்றும் இருக்காது. அவளை இரண்டாம் தடவை புதைத்த மாதிரி இருந்தது.

மிஷினை மாட்டி விக்டர் எதிரில் உட்காரவைத்து மூன்றாவதைப் போட்டான். முன்பு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தானே, அதே மாதிரி பார்த்தான். அந்த இடம் வந்தது. முதலில் ஒரு பாத்திரம் நகர்கிற சத்தம். அப்புறம் உன் அம்மா. நீ வெளியே வருகிற வரை காத்திருக்க வேண்டாம், நான் எழுதிவிடுகிறேன். விக்டர் திட்டினால் திட்டட்டும்.

"டேய், மெதுவா வாசிடா. அப்பா தூங்குறாரு."

இவ்வளவுதான் ஜெனி. இந்த ஒரு வார்த்தைக்குத்தான் எட்டுப் பாட்டும் இப்படிப் பூனை நடை நடக்கின்றன. பாட்டு ஏன் இவ்வளவு மெதுவாக இருக்கிறது என்று ஆறு மாதமாகக் கேட்டேனே, என்னால்தான். நான் தூங்குகிற வீட்டில் கிடார் பழகின பையனுக்கு வேறு எப்படி வாசிக்க வரும்?

"எடுத்துடட்டுமாப்பா?" என்றான். எடுத்தால் வீட்டுப் பக்கம் வராதே என்றேன். கொஞ்சம் சத்தத்தைக் கூட்டி வையேன், என்னைப் போல இருக்கிறவர்களுக்கும் கேட்கட்டுமே என்றும் கேட்டுப் பார்த்தேன். "அம்மா மெதுவான்னு சொல்லியிருக்காங்கப்பா" என்றான். அதுவும் சரிதான். அப்படியே வெளியே போகிறது. மற்ற ஏழு பாட்டும் மிஷின் போட்ட பிறகும் எனக்கு விளங்கவில்லை. அது ஒரு விதத்தில் நிம்மதி, எல்லாக் குறையும் என் காதில் இல்லை.

இன்னும் ஒன்று. இதை உன் அம்மாவுக்குக்கூட நான் சொன்னதில்லை, இப்போதுதான் விக்டரிடம் சொன்னேன். அந்த மத்தியானங்களில் நான் தூங்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு அவன் வாசிப்பதைக் கேட்டுக்கொண்டு கிடப்பேன். திறந்தால் வாசிப்பதை நிறுத்திவிடுவான். நாளாக நாளாகச் சத்தம் குறைந்துகொண்டே வந்தது. பையன் என்மேல் உள்ள மரியாதையில் மெதுவாக வாசிக்கிறான் என்றுதான் நினைத்திருந்தேன். எவ்வளவு அவன் குறைத்தது, எவ்வளவு என் காது குறைந்தது என்று இனி யாரால் பிரித்துச் சொல்ல முடியும்?

நேற்று மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அவனை வாசிக்கச் சொல்லிவிட்டுப் படுத்தேன். கண்ணை மூடவில்லை.

உன் அப்பா,
அருள்பிரகாசம்